இராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஐந்து மாதங்கள்

திருக்கோவிலிலிருந்து கல்முனைக்கு ஐந்து வருடங்கள் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் இரண்டு வருடங்கள் அந்த ஊர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது வருடத்தில் அவை வேறு மாதிரி ஆகிவிட்டன. நிந்தவூரைத் தாண்டும்போது வயிறு இறுகும். காரைதீவுச் சந்தியில் கை குளிரும். சாய்ந்தமருதில் கைபேசியை எடுத்து, அலுவலக வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கு யாருக்கு ஏச்சு என்று பார்ப்பேன். பெரும்பாலும் எனக்குத்தான்.

அது ஒரு தனியார் நிறுவனத்தின் பிராந்திய அலுவலகம். ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் விளம்பரப் பிரிவில் வேலை. முகாமையாளர் மாறினார், அலுவலகமும் மாறியது. பிழை நடந்தால் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துப் பேசுவார். இரவு பத்தரைக்குச் செய்தி அனுப்பி, பதினொன்றுக்குள் பதில் வராவிட்டால் காலையில் விசாரணை. அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கேட்ட லீவு கடைசி நேரத்தில் இல்லாமல் போனது. அடுத்த நாள், ஓர் ஒக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் இருந்தபடியே கைபேசியில் இராஜினாமாக் கடிதம் எழுதினேன். நீண்ட கடிதம். அதில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை.

பக்கத்து இருக்கையில், தினமும் அட்டாளைச்சேனையில் ஏறும் நானா ஒருவர். வேறொரு இடத்தில் கணக்குப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன்.

"தங்கச்சி, சேர்ந்து எத்தின வருசம்?"

"நாலு வருசமும் ஏழு மாசமும்."

"அப்ப அனுப்பாதீங்க. கடிதத்த அனுப்புறத்துக்கு முந்தி நியமனக் கடிதத்த எடுத்துப் பாருங்க. அஞ்சு மாசத்த அவனுக்குச் சும்மா குடுக்கப் போறீங்களா?"

அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். வேலையை விடுவதா இல்லையா என்பது அவரவர் முடிவு. ஆனால் எந்தத் திகதியில் விடுவது என்பதை முகாமையாளரும் தீர்மானிக்கக் கூடாது, நமது கோபமும் தீர்மானிக்கக் கூடாது.

கடினமான வேலையா, நஞ்சான வேலைத்தளமா?

இரண்டும் ஒன்றல்ல. மாத முடிவில் வேலை குவிவது, இலக்கு எட்டாவிட்டால் கேள்வி கேட்பது, கண்டிப்பான மேலதிகாரி, இவை எந்தத் தொழிலிலும் உண்டு. நஞ்சான இடத்தின் அடையாளம் வேறு. அங்கே விதி ஆளுக்கு ஆள் மாறும். வேலையைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பற்றி, உங்கள் குடும்பத்தைப் பற்றி, ஊரைப் பற்றி, சமயத்தைப் பற்றிப் பேசுவார்கள். என்ன செய்தாலும் திருப்தி வராது. ஏனென்றால் வேலை முடிவது அங்கே நோக்கமே அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2019இல், சமாளிக்கப்படாத வேலை அழுத்தம் நீண்டகாலம் தொடர்ந்தால் ஏற்படும் சோர்வு நிலையை, தொழில்சார்ந்த ஒரு நிலையாகத் தனது நோய் வகைப்படுத்தலில் வரையறுத்தது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. மூன்று அடையாளங்களைச் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலை மீது வெறுப்பும் விலகலும், தன்னால் எதுவும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்ற எண்ணம். மூன்றாவதுதான் ஆபத்தானது என்பது என் அனுபவம். அந்த எண்ணம் வந்தபிறகு வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவே கை வராது.

தென்கொரியா 2019 ஜூலை முதல் வேலைத்தளத் துன்புறுத்தலைத் தனது தொழில் சட்டத்திலேயே தடைசெய்திருக்கிறது. இலங்கையில் தனியார் துறை ஊழியர் ஒருவர், "என் மேலதிகாரி என்னை அவமானப்படுத்துகிறார்" என்று மட்டும் சொல்லி நேரடியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய அப்படியொரு தனிச் சட்டம் இதுவரை இல்லை. ஆனால் சம்பளம், வேலை நேரம், லீவு, பணிக்கொடை, பணிநீக்கம், பாலியல் தொந்தரவு ஆகியவற்றுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. நஞ்சான இடங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றையாவது மீறித்தான் இருக்கும். ஆகவே நமது வழியும் அதன் ஊடாகத்தான்.

கையிலுள்ள கணக்கு

முதலில் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் 5 வருடச் சேவையைப் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரித்து. மாதச் சம்பளம் பெறுபவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் பாதி. நீங்களாக இராஜினாமாச் செய்தாலும் இது உண்டு. இதைப் பலர் அறிய மாட்டார்கள். "நீயாகத்தானே போகிறாய், உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அது பிழை.

என் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படியுடன், 42,000 ரூபாய். பாதி 21,000. ஐந்து வருடத்துக்கு 105,000 ரூபாய். நான்கு வருடமும் ஏழு மாதமும் என்றால் சுழியம். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அனுப்ப இருந்த கடிதத்தின் விலை அது.

15 பேருக்குக் குறைவாக உள்ள கடை, அலுவலகம் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் வழி உண்டு.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம். 50,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 10,000 ரூபாய் உங்கள் கணக்கில் விழ வேண்டும். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமல்ல, வாழ்க்கைச் செலவுப் படி, தரகுப் பணம் போன்றவற்றுக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. வேலையை விட்டவுடன் இந்தக் காசு கைக்கு வராது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் எடுக்கலாம். திருமணத்தை அடுத்து வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக நாட்டை விட்டுச் செல்பவர்கள், ஓய்வூதியமுள்ள அரச பதவியில் சேர்பவர்கள், நிரந்தர உடலியலாமைக்கு உள்ளானவர்கள் முன்னரே எடுக்க முடியும். ஆகவே "வேலையை விட்டுவிட்டு ஈ.பி.எப். காசில் சமாளிப்பேன்" என்று திட்டமிட வேண்டாம். ஆனால் காசு உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை, வேலையில் இருக்கும்போதே பாருங்கள். சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடும் முதலாளிகள் உண்டு. தாமதத்துக்கு 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். முதலாளி மட்டும் 3 சதவீதம் செலுத்துவார். உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வேலையை விட்டபின் இதை எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை எடுப்பதற்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும்.

காகிதங்களை முதலில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

இராஜினாமா கொடுத்த மறுநாளே சில இடங்களில் கணினிக்குள் நுழைய முடியாது. மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். எனவே கடிதத்துக்கு முன்பே இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நியமனக் கடிதம், பதவி உயர்வு அல்லது சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம், லீவுப் பதிவு, உங்களுக்கு வந்த பாராட்டு அல்லது எச்சரிக்கைக் கடிதங்கள்.

ஓர் எல்லை உண்டு. இவை உங்களைப் பற்றிய காகிதங்கள். வாடிக்கையாளர் பட்டியல், கணக்கு விபரம், நிறுவனத்தின் இரகசியக் கோப்பு எதையும் தொட வேண்டாம். கோபத்தில் எடுத்துவந்த ஒரு கோப்பு, குற்றம் செய்தவரை நிரபராதியாகவும் உங்களைக் குற்றவாளியாகவும் மாற்றிவிடும்.

நியமனக் கடிதத்தில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். முன்னறிவித்தல் எவ்வளவு காலம்? பயிற்சிக்காக அல்லது கடனுக்காக ஏதும் பிணை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? சேர்ந்த திகதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? எனக்கு ஒரு மாத முன்னறிவித்தல். சேர்ந்தது ஒரு மார்ச் முதலாம் திகதி. அதன்படி பெப்ரவரி முடிவில் ஐந்து வருடம் பூர்த்தியாகும். "கணக்குச் சரியா அந்த நாளில விடாதீங்க, அஞ்சாறு நாள் மிச்சம் வையுங்க" என்றார் நானா. பெப்ரவரி முதல் வாரத்தில் கடிதம், மார்ச் முதல் வாரத்தில் கடைசி நாள் என்று முடிவெடுத்தேன்.

அந்த ஐந்து மாதங்களைக் கடந்தது எப்படி

முடிவு எடுத்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் அது ஒரு இரவுதான். அடுத்த நாளும் நிந்தவூரில் வயிறு இறுகியது. பிறகு ஒவ்வொன்றாகப் பழகியவை இவை.

ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு சம்பவத்தையும் வீட்டில் வைத்து எழுதினேன்: திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள். என் அபிப்பிராயம் எதையும் எழுதவில்லை. பிறகு ஒரு பிணக்கு வந்தால் இது உதவும். அதற்கும் மேலாக, எழுதியபின் அது தலைக்குள் சுற்றுவது குறைந்தது.

வாயால் வரும் கட்டளைகளை எழுத்துக்கு மாற்றினேன். "இன்று நீங்கள் சொன்னபடி இந்த வேலையை வியாழனுக்குள் முடிக்கிறேன், அதுவரை மற்றது நிற்கும்" என்று ஒரு வரி மின்னஞ்சல். சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு இரண்டு கிழமையில் நின்றுவிட்டது.

வெல்ல முயல்வதை விட்டேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய மாற்றம். முன்பெல்லாம் ஒவ்வொரு ஏச்சுக்கும் விளக்கம் சொல்வேன். நியாயத்தை நிரூபிக்கப் பார்ப்பேன். இப்போது "சரி சேர், பார்க்கிறேன்" என்பதோடு முடித்தேன். அவர் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குள் இருந்தவரை அவருடைய ஒவ்வொரு வார்த்தையும் குத்தியது. போகப்போகிறவளுக்கு அது குறைவாகவே குத்தும்.

வேலை நேரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தேன். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. வருடாந்த லீவு 14 நாட்கள், அமய லீவு 7 நாட்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு குழுவின் ஒலியை நிறுத்தினேன். முதல் முறை காலையில் விசாரணை நடந்தது. "வீட்டில் சிக்னல் குறைவு சேர்" என்றேன். மழைக்காலம், நம்பக்கூடிய பொய். எடுக்காமல் இருந்த லீவுகளைத் திங்கட்கிழமைகளில் ஒவ்வொன்றாக, எழுத்தில் விண்ணப்பித்து எடுத்தேன்.

வேலை தேடுவதை என் சொந்தக் கைபேசியில், சொந்த மின்னஞ்சலில் மட்டும் செய்தேன். கிழமைக்கு இரண்டு விண்ணப்பங்கள், சனிக்கிழமை மாலையில். அன்றைய மனநிலை எதுவானாலும் இரண்டு. கூடவே, வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று செய்தித் தளங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

செலவைக் கணக்குப் பார்த்தேன். வீட்டுக்குக் கொடுப்பது, சீட்டுக் காசு, தம்பியின் மோட்டார் சைக்கிள் லீசிங் தவணை, கைபேசி, பஸ். நமது பகுதியில் சம்பளம் ஒருவருடையதாக இருந்தாலும் தவணை முழுக் குடும்பத்தினதும். புதிதாக ஒரு தவணையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். சீட்டை முடியும்வரை கட்டுவது, மூன்று மாதச் செலவைத் தனியாக வைப்பது. மூன்று மாதம் சேரவில்லை; இரண்டரை மாதம்தான் சேர்ந்தது.

யாருக்குச் சொல்வது என்பதிலும் கவனம் தேவை. அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். "அரசாங்க வேல எண்டா உன்ன இப்படிப் பேசுவானா மனே" என்றுதான் தொடங்கினார். நமது பக்கத்தில் தனியார் வேலையை விடுவது ஒரு பேச்சு. அரச வேலை இல்லாமல் விடுவது ஊர்ப் பேச்சு. ஆனால் கணக்கைச் சொன்னதும் அமைதியானார். பிறகு தினமும் இரவு ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னும் எத்தின நாள்?" சுவரிலிருந்த கலண்டரில் நாட்களை வெட்டியவர் அவர்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு, எல்லோரும் ஐந்து வருடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னோடு வேலை செய்த ஒரு தோழி, மூன்றாம் வருடத்தில் ஒரு மதிய இடைவேளையில் எழுந்து போனார். திரும்பி வரவில்லை. அவருக்குப் பணிக்கொடை இல்லை. அவர் செய்ததும் சரிதான். அவர் பொறுத்துக்கொண்டிருந்தது என்ன என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பாலியல் தொந்தரவு இருந்தால் நாட்களை எண்ண வேண்டாம். 1995ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் அது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். வார்த்தையால் செய்வதும், வேலைத்தளத்தில் செய்வதும் அதில் அடங்கும். பொலிஸில் முறையிடலாம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். கை நீட்டினால், பொய்க் கணக்கில் கையொப்பமிடச் சொன்னால், பற்றுச்சீட்டைத் திருத்தச் சொன்னால், அங்கேயும் காத்திருக்கக் கூடாது. அந்தக் கையொப்பம் உங்களுடையது. பிறகு பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

உடல் சொல்வதையும் கேளுங்கள். எனக்கு நான்காவது மாதத்தில் இரைப்பை அழற்சி, மருந்து எடுத்தேன். அதற்கு மேல் போயிருந்தால் 105,000 ரூபாயை விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று எனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். தூக்கமின்மை மாதக்கணக்கில் தொடர்ந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

இது மிகைப்பேச்சு அல்ல. பிரான்ஸில் 'பிரான்ஸ் டெலிகொம்' நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியர்களைத் தாங்களாகவே விலக வைப்பதற்காக வேலைச் சூழலைத் திட்டமிட்டுக் கெடுத்தது. ஊழியர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அந்நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவர் டிடியே லொம்பார்டையும் குற்றவாளிகளாகக் கண்டது. தனிப்பட்ட ஒரு மேலதிகாரியின் கெட்ட குணம் என்று தட்டிக்கழிக்காமல், அதை ஒரு நிறுவனத்தின் கொள்கையாகவே நீதிமன்றம் பார்த்தது. யப்பானிலோ, மேலதிகாரியின் முகத்தைப் பார்க்கப் பயந்தவர்கள் காசு கொடுத்து இன்னொருவர் மூலம் தமது இராஜினாமாவைத் தெரிவிக்கிறார்கள். அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பயம் எங்கேயும் ஒன்றுதான். கல்முனையில் இருந்த எனக்கு மட்டும் வந்த கோழைத்தனம் அல்ல என்று அறிந்தபோது ஆறுதலாக இருந்தது.

கடிதத்தில் எதை எழுதுவது

இங்கேதான் அதிகமானோர் தவறுகிறார்கள். இரண்டு வகையான கடிதங்கள் உள்ளன. இரண்டையும் கலக்கக் கூடாது.

அமைதியாக விலகி, சேர வேண்டியதைப் பெற்றுக்கொண்டு போவதுதான் நோக்கம் என்றால், கடிதம் நான்கு வரி போதும். இன்ன பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி முன்னறிவித்தல் தருகிறேன். என் கடைசி நாள் இது. பணிக்கொடையையும் சேவைச் சான்றிதழையும் தயார் செய்யுங்கள். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வேறு வழியே இல்லாமல் வெளியேற வைத்தார்கள் என்று வழக்காட எண்ணினால் அது வேறு கடிதம். வேலையில் தொடரவே முடியாத நிலையை முதலாளி உருவாக்கி, அதனால் ஊழியர் வெளியேறினால், அதையும் ஒரு பணிநீக்கமாகவே கருதலாம் என்று இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வற்புறுத்தினார்கள் என்று சொன்னால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி. இந்த வழியில் போவதானால் கடிதம் எழுதுவதற்கு முன்பே தொழில் அலுவலகத்தையோ சட்டத்தரணியையோ சந்தியுங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க, வேலை முடிவுற்ற நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம்.

அறைக்குள் கூப்பிட்டு, தட்டச்சு செய்து வைத்த இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பம் கேட்டால் போட வேண்டாம். "வீட்டில் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதற்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் கையொப்பத்துக்கு அவர்கள் அவசரப்படுவது அதனால்தான். ஏற்கனவே பயந்து போட்டுவிட்டீர்களா? அன்றைக்கே, வற்புறுத்தலின் பேரில் ஒப்பமிட்டதாக எழுத்தில் அறிவியுங்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவதும் நல்லதல்ல. பதவியை நீங்களாக விட்டு நீங்கியதாக எழுதிவிடுவார்கள். நிலைமையை விளக்க வேண்டிய பொறுப்பு பிறகு உங்கள் தலையில் விழும்.

கடைசி மாதமும் அதற்குப் பின்னும்

முன்னறிவித்தல் மாதம் இலகுவாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "நன்றி கெட்டவள்" என்ற பேச்சு, வேலையிலிருந்து ஒதுக்குதல், பிறகு திடீரென்று சம்பள உயர்வு தருவதாக ஆசை காட்டுதல், மூன்றும் நடந்தன. பொறுப்பிலிருந்த ஒவ்வொன்றையும், கமரா, சாவி, கடவுச்சொற்கள் உட்பட, பட்டியலிட்டு இரண்டு பிரதிகளில் கையொப்பம் வாங்கிக் கையளித்தேன். பணிக்கொடையைப் பறிக்கச் சட்டத்தில் உள்ள காரணங்கள் மிகக் குறைவு: மோசடி, நிதிக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தியது போன்றவை. அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். அந்தக் கையொப்பமிட்ட பட்டியல் கையில் இருக்கும்போது இவற்றைக் கிளப்புவது கடினம்.

பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதித்தால் 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை மிகைக்கட்டணம். எனக்கு 30ஆம் நாள் வரவில்லை. சட்டத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, தொழில் திணைக்களத்துக்கு முறையிடப் போவதாக ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். 41ஆம் நாள் காசோலை வந்தது. மிகைக்கட்டணம் இல்லாமல். அதைக் கேட்டிருக்க வேண்டும். களைத்துப் போயிருந்தேன், விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். எடுக்காத வருடாந்த லீவுக்குரிய கொடுப்பனவையும் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம், தமிழில் எழுதலாம், கட்டணம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்ட மறுநாளே விடுதலை வரவில்லை. இரண்டு மூன்று மாதங்கள் இரவு பத்தரைக்குக் கை தானாகக் கைபேசிக்குப் போனது. வருமானம் குறைந்தது, இன்றைக்கும் மாதா மாதம் ஒரே தொகை வருவதில்லை. தம்பியின் லீசிங் தவணை இரண்டு மாதம் பிந்தியது. இவற்றை மறைத்து, "தைரியமாக விட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த 105,000 ரூபாய் இருந்ததால்தான், முதலில் வந்த ஏதோ ஒரு வேலைக்குள் போய் விழாமல், எழுதுவதில் நிற்க முடிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரை விடயமாகக் கல்முனைக்குப் போனேன். அட்டாளைச்சேனையில் நானா ஏறினார். ஓய்வு பெற்றுவிட்டாராம், மகளுக்கு மருந்து எடுக்கப் போகிறார்.

"அந்த முதல்க் கடிதம் என்ன ஆச்சு தங்கச்சி?"

இன்னும் கைபேசியில் இருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதி இருக்கிறீங்க" என்று கைபேசியைத் திருப்பித் தந்தார். அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நிந்தவூர் எப்போதோ போயிருந்தது, நான் கவனிக்கவில்லை.